ஹெட்போன்: பேட், கேபிள், டிரைவர் - எது ஒலியை மாற்றும்?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே பலருக்கும் வரும் அடுத்த ஆசை, நல்ல ஹெட்போன் ஒன்று வாங்க வேண்டும் என்பதுதான். லேப்டாப்பின் அடியில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் கேட்டுப் பழகிய இளையராஜா பாடலை நல்ல ஹெட்போனில் கேட்டால், இத்தனை நாள் எத்தனை வாத்தியங்களைத் தவறவிட்டிருக்கிறோம் என்று தோன்றும். அந்த ஆசையில் ஐந்நூறு ரூபாயில் தொடங்கி, இருபதாயிரம், முப்பதாயிரம் என்று போய்விடுபவர்கள் உண்டு.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. "பேடை மாற்றினால் வேறு ஹெட்போன் போல ஆகிவிடும்", "வெள்ளிக் கேபிள் போட்டால் சத்தம் எங்கேயோ போய்விடும்", "50 மி.மீ. டிரைவர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இவற்றில் முதலாவது உண்மை. இரண்டாவது பெரும்பாலும் உண்மை இல்லை. மூன்றாவது அரைகுறைத் தகவல். இது தெரியாமல் இறங்கினால், குறைந்த செலவில் முடிய வேண்டிய வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் போய்விடும். நன்றாக இருந்த ஹெட்போனின் ஒலியையும் கெடுத்துக் கொள்ள நேரும். எனவே மூன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

இரண்டு டிரைவர்கள்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்ளலாம். கம்ப்யூட்டர் உலகில் டிரைவர் என்றால் ஒரு சாப்ட்வேர். பிரிண்டர், சவுண்ட் சிப் போன்ற சாதனங்களுடன் விண்டோஸ் பேசுவதற்கு உதவும் புரோகிராம் அது. ஹெட்போன் பெட்டியின் மீது டிரைவர் என்று அச்சிட்டிருந்தால் அது வேறு. மின்சாரத்தை வாங்கி அசைந்து ஒலியை உண்டாக்கும் பாகத்திற்கு அந்தப் பெயர். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கோனின் சிறிய வடிவம் என்று வைத்துக் கொள்ளுங்கள். "ஹெட்போன் டிரைவர் டவுன்லோட்" என்று தேடி, கண்ட தளங்களில் இருந்து எதையாவது இறக்கி வைரஸ் வாங்கிக் கொள்பவர்கள் இந்தக் குழப்பத்தால்தான் மாட்டிக் கொள்கிறார்கள். 3.5 மி.மீ. பின் உள்ள ஹெட்போனுக்குத் தனியாக எந்த டிரைவர் சாப்ட்வேரும் தேவையில்லை.

இனி இந்தக் கட்டுரையில் டிரைவர் என்றால் ஹெட்போனுக்குள் இருக்கும் பாகத்தையே குறிக்கும். சாப்ட்வேரைப் பற்றிக் கடைசியில் பார்க்கலாம்.

டிரைவர் என்ன செய்கிறது?

பெரும்பாலான ஹெட்போன்களில் உள்ளது டைனமிக் டிரைவர். மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று. அதன் பின்னால் தலைமுடி போன்ற மெல்லிய கம்பியைச் சுற்றிய காயில். அதைச் சுற்றி ஒரு காந்தம். பாட்டு மின்சாரமாக காயிலுக்குள் ஓடும்போது காயில் முன்னும் பின்னும் அசைகிறது. சவ்வும் சேர்ந்து அசைகிறது. காற்று அதிர்கிறது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1937ல் கொண்டு வந்த டி.டி. 48 என்ற ஹெட்போனில் இருந்து இன்று வரை அடிப்படை இதுதான்.

விலை உயர்ந்தவற்றில் இன்னும் இரண்டு வகைகளைப் பார்க்கலாம். ஒன்று பிளேனர். இதில் காயில் தனியாக இருக்காது. சவ்வின் மேலேயே மின்கம்பி கோடு கோடாகப் பதிக்கப்பட்டிருக்கும். சவ்வு முழுவதும் ஒரே சீராகத் தள்ளப்படும். இன்னொன்று எலக்ட்ரோஸ்டாடிக். ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960ல் இருந்து இந்த வகையைத் தயாரிக்கிறது. பல நூறு வோல்ட் மின்னழுத்தம் தரும் தனிப் பெட்டி இதற்குத் தேவை. கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருக முடியாது. நமக்கு இப்போதைக்கு வேண்டாம்.

டிரைவரின் அளவு பெரிதாக இருந்தால் ஒலி நன்றாக இருக்குமா? இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1991ல் வெளிவந்து, பல நாடுகளின் ஒலிப்பதிவுக் கூடங்களில் புகழ் பெற்ற சோனி எம்.டி.ஆர். 7506ல் இருப்பது 40 மி.மீ. டிரைவர்தான். 50 மி.மீ. என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு வரும் மலிவு ஹெட்போன்கள் கடைகளில் எத்தனையோ உள்ளன. இரண்டையும் கேட்டுப் பார்த்தால் மி.மீ. கணக்கு உதவாது என்பது ஒரு நிமிடத்தில் புரியும். சவ்வு எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு கனமானது, அதன் முன்னும் பின்னும் உள்ள காற்று எப்படி அடைக்கப்பட்டுள்ளது என்பவைதான் ஒலியை முடிவு செய்கின்றன.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சென்ஹைசர் எச்.டி. 800. 2009ல் வந்த இந்த ஹெட்போனில் உயர்ந்த ஒலிகள் ஓர் இடத்தில் சற்றுக் கூர்மையாகக் குத்துகின்றன என்ற குறை சொல்லப்பட்டது. 2016ல் வந்த எச்.டி. 800 எஸ் மாடலில், அந்த ஒலியை மட்டும் உறிஞ்சும் சிறிய அமைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். குத்தல் குறைந்தது. டிரைவரைச் சுற்றி இருக்கும் இடமும் ஒலியின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

டிரைவரைப் பொறுத்தவரை நாம் செய்யக் கூடியது வாங்கும்போது சரியாகத் தேர்ந்தெடுப்பது மட்டுமே. வாங்கிய பிறகு அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது வீட்டில் செய்யும் வேலை இல்லை. விலை அதிகமானால் ஒலியும் உயரும் என்றும் நம்ப வேண்டாம். ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையுடன் ஒப்பிட்டு 2017ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எதை எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்ற கணக்குக்கும் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே அதன் முடிவு. வேலைப்பாடு, உழைப்பு, எடை, உதிரிப் பாகங்கள் கிடைப்பது ஆகியவற்றுக்காக அதிக விலை கொடுக்கலாம். அது வேறு கணக்கு.

பேட் என்பது மெத்தை மட்டும் அல்ல

காதைச் சுற்றி அமரும் வளையத்தைச் சிலர் குஷன் என்பார்கள், சிலர் இயர் பேட் என்பார்கள். பெயரைக் கேட்டால் காது வலிக்காமல் இருக்க வைத்த மெத்தை போலத்தான் தோன்றும். உண்மையில் டிரைவருக்கும் காதுக்கும் இடையே ஒரு சிறிய அறை இருக்கிறது. அந்த அறையின் சுவர்தான் பேட்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் வாயை விரலால் இறுக்கி அடைத்துவிட்டுக் கைப்பிடியை அழுத்தினால் உள்ளே காற்றின் அழுத்தம் ஏறுகிறது. விரலைச் சற்றுத் தளர்த்தி, ஊசி முனை அளவு சந்து விடுங்கள். இப்போது மெதுவாக அழுத்தினால் காற்று சந்தின் வழியே சத்தமில்லாமல் வெளியேறிவிடும். அழுத்தம் ஏறாது. வேகமாக அழுத்தினாலோ காற்று வெளியேற நேரம் இல்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். ஹெட்போனில் நடப்பதும் இதேதான். தாழ்ந்த ஒலி என்பது சவ்வின் மெதுவான அசைவு. உயர்ந்த ஒலி என்பது வேகமான அசைவு. பேடுக்கும் கன்னத்துக்கும் இடையே சந்து இருந்தால் முதலில் காணாமல் போவது பாஸ். மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பியின் கும்காரம் கேட்காது.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பாஸ் கிடார் தொடர்ந்து வரும் பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். இரு கப்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். பாஸ் சட்டென்று கூடினால், சாதாரணமாக அணியும்போது உங்கள் பேட் சரியாக அடைக்கவில்லை என்று பொருள். பிறகு ஒரு பக்கக் கப்பின் கீழ் ஓரத்தை ஒரு விரல் தடிமன் அளவு தூக்கிப் பாருங்கள். பாஸ் எப்படி வடிந்து போகிறது என்பது தெரியும். மூடிய வகை ஹெட்போன்களிலும், பிளேனர் ஹெட்போன்கள் பலவற்றிலும் இந்த வேறுபாடு 10 டெசிபல் வரை கூடப் போகும். அது மிகப் பெரிய மாற்றம். காது கூர்மையாக இல்லாதவர்களும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்ணாடி அணிபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியின் காது ஒயர் பேடுக்கு அடியில் போகும் இடத்தில் ஒரு சந்து உண்டாகிறது. கண்ணாடியைக் கழற்றினால் பாஸ் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் ஹெட்போனைக் குறை சொல்லிப் பயனில்லை. மெல்லிய பிரேம் உள்ள கண்ணாடியோ, மென்மையான பேடோ உதவும்.

பேட் செய்யும் இரண்டாவது வேலை தூரத்தை முடிவு செய்வது. காது டிரைவரில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து நடு ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் மாறும். சில மில்லி மீட்டர் வேறுபாடே போதும். காரணம், உயர்ந்த ஒலிகளின் அலைநீளம் சில சென்டி மீட்டர்கள்தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை சென்டி மீட்டர். அந்தச் சிறிய அறைக்குள் அவை சுவரில் மோதித் திரும்பி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து சில இடங்களில் கூடுகின்றன, சில இடங்களில் குறைகின்றன. சுவரை நகர்த்தினால் கூடும் இடமும் குறையும் இடமும் மாறத்தானே செய்யும்?

மூன்றாவது, பேடின் மேல் துணி. ரெக்சின் காற்றை விடாது. ஒலியைத் திருப்பி அனுப்பும். வெல்வெட் காற்றையும் விடும், உயர்ந்த ஒலியில் ஒரு பகுதியை உறிஞ்சவும் செய்யும். எனவே ரெக்சின் பேடுடன் வந்த மூடிய ஹெட்போனில் வெல்வெட் பேட் போட்டால் காது வியர்ப்பது குறையும். கூடவே பாஸும் குறையும். வெல்வெட் மட்டம் என்று இதற்குப் பொருள் இல்லை. பேயர்டைனமிக் டி.டி. 770 புரோ மூடிய வகைதான், அதில் தயாரிப்பாளரே வெல்வெட் பேட் வைக்கிறார். அந்தப் பேடுக்கு ஏற்ப டிரைவரும் கப்பும் வடிவமைக்கப்பட்டுள்ளன. பேடை மட்டும் மாற்றும்போதுதான் கணக்கு தவறுகிறது.

அமெரிக்காவின் கிராடோ ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு இது பழைய செய்தி. அவற்றுக்குச் சப்பையான ஸ்பாஞ்ச் பேடும் உண்டு, நடுவில் குழியுள்ள கிண்ணம் போன்ற பேடும் உண்டு. சப்பையான பேடில் காது டிரைவரை ஒட்டி இருக்கும், பாஸ் கனமாகத் தெரியும். கிண்ணப் பேடில் காது தள்ளி இருக்கும், ஒலி விரிந்து உயர்ந்த ஒலிகள் முன்னால் வரும். டிரைவர் அதேதான். கேபிளும் அதேதான்.

பழைய பேட்

புதுப் பேடால் வரும் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறோம். பழைய பேடும் மெல்ல மெல்ல ஒலியை மாற்றிக் கொண்டே இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். சென்ஹைசர் எச்.டி. 600 என்ற ஹெட்போனை எடுத்துக் கொள்வோம். 1997ல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் வெல்வெட் பேடுக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச், தலையின் அழுத்தத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளில் தட்டையாகிவிடும். காது டிரைவருக்கு அருகே போகிறது. ஒலி மாறுகிறது. ஒரே நாளில் மாறினால் தெரிந்திருக்கும். ஆண்டுக் கணக்கில் மாறுவதால் தெரிவதில்லை. "முன்பு போல் இல்லை, டிரைவர் போய்விட்டது" என்று முடிவு கட்டி, புது ஹெட்போன் வாங்கிவிடுகிறார்கள். புதுப் பேட் ஒரு ஜோடி போட்டிருந்தால் போதும்.

ரெக்சின் பேடுக்கு வேறு வியாதி. கறுப்புச் செதில் செதிலாக உரிந்து காதெல்லாம் ஒட்டும். ரெக்சினின் மேல் பூச்சான பாலியூரித்தேனைக் காற்றில் உள்ள ஈரம் சிறிது சிறிதாகச் சிதைப்பதுதான் இதற்குக் காரணம். வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் அதை வேகப்படுத்தும். கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது சீக்கிரமே வரும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் ஈரம் தன் வேலையைச் செய்யும். எனவே மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்கு ஜோடி ரெக்சின் பேட் வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டாம். தேவைப்படும்போது வாங்குங்கள்.

வாங்கும்போது முதல் தேர்வு, அந்த மாடலுக்கு நிறுவனமே விற்கும் அசல் பேட். ஒலியை வடிவமைத்தவர்கள் அளந்து பார்த்தது அந்தப் பேடை வைத்துத்தான். அசல் கிடைக்கவில்லை என்றாலோ விலை கட்டுப்படவில்லை என்றாலோ, வேறு நிறுவனத்தின் பேடை வாங்கலாம். அப்போது தடிமன், உள் வட்டத்தின் அளவு, மேல் துணி ஆகிய மூன்றும் அசலை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால், எந்த மாடலுக்கும் சரியாகப் பொருந்தாது என்று படித்துக் கொள்ளலாம்.

மாற்றுவது எளிது. எச்.டி. 600ல் பேட் கப்பில் கொக்கி போல மாட்டப்பட்டிருக்கும். ஓரத்தைப் பிடித்து ஒரு பக்கமாக மெல்ல இழுத்தால் வந்துவிடும். சோனி 7506 போன்றவற்றில் பேடின் பின்புறம் உள்ள மெல்லிய பாவாடை, கப்பின் விளிம்பில் இழுத்து மாட்டப்பட்டிருக்கும். புதிதை மாட்டும்போது ஓர் இடத்தில் செருகிவிட்டுச் சுற்றிச் சுற்றிக் கொண்டு போனால் அமர்ந்துவிடும். டிரைவரின் மேல் ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச் வட்டம் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். தூசிக்காக வைத்தது போலத் தெரிந்தாலும், அதுவும் உயர்ந்த ஒலியை அடக்கும் வேலையைச் செய்கிறது. பேட் கழற்றியிருக்கும் நேரத்தில் ஊசி, பின், காந்தம் ஒட்டிய ஸ்குரூ டிரைவர் எதையும் டிரைவர் அருகே கொண்டு போகாதீர்கள். பழைய பேடையும் உடனே குப்பையில் போட வேண்டாம். புதியது பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போக வழி வேண்டும்.

கேபிள்: ஒரு சிறிய கணக்கு

இனி கேபிளுக்கு வருவோம். ஹெட்போனின் விலைக்கே கேபிள் விற்கிறார்கள். அதைவிட அதிக விலைக்கும் விற்கிறார்கள். தூய செம்பு, வெள்ளி, தங்க முலாம், எட்டுப் புரி பின்னல் என்று விளம்பரங்கள் வருகின்றன.

மின்சாரத்தின் கண்ணால் பார்த்தால் கேபிள் என்பது ஒரு சிறிய மின்தடை. ஹெட்போன் கேபிளில் இருப்பது போன்ற மெல்லிய செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.2 ஓம் தடை என்று கொள்வோம். எச்.டி. 600க்கு வருவது 3 மீட்டர் கேபிள். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 6 மீட்டர், அதாவது 1.2 ஓம். ஹெட்போனின் தடையோ 300 ஓம். கேபிளால் குறையும் சத்தம் 0.04 டெசிபலுக்கும் கீழே. சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போது ஒரு டெசிபல் மாற்றமே பலருக்குத் தெரியாது. 32 ஓம் ஹெட்போனாக இருந்தாலும் குறைவது ஏறக்குறைய 0.3 டெசிபல்தான். அதுவும் எல்லா ஒலிகளிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைகிறது. வால்யூமை ஒரு கோடு கூட்டினால் முடிந்தது.

வெள்ளிக்கு மாறினால் என்ன ஆகும்? செம்பை விட வெள்ளியின் மின்தடை சுமார் ஐந்தாறு சதவிகிதம் குறைவு. 1.2 ஓம் என்பது 1.1 ஓம் ஆகும். அவ்வளவுதான். "வெள்ளி என்றால் பளிச்சென்ற ஒலி, செம்பு என்றால் கதகதப்பான ஒலி" என்பது அந்த உலோகங்களின் நிறத்தைப் பார்த்து மனம் சொல்லும் கதை. காது பாவம், அதற்கு உலோகம் தெரியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. காதுக்குள் செருகும் விலை உயர்ந்த இயர்போன்கள் சிலவற்றில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு என்று பல டிரைவர்கள் இருக்கும். இவற்றின் தடை எல்லா ஒலிகளிலும் ஒன்றாக இருக்காது. ஓர் ஒலிக்கு 30 ஓம், இன்னொன்றுக்கு 6 ஓம் என்று ஏறி இறங்கும். இப்படிப்பட்ட இயர்போனில் அரை ஓம் தடையுள்ள கேபிள் இருந்தால், சில ஒலிகள் மற்றவற்றை விட அரை டெசிபல் அதிகமாகக் குறையும். கூர்ந்து கேட்பவருக்குப் பிடிபடலாம். பேட் மாற்றத்துடன் ஒப்பிட்டால் இதுவும் சிறிதுதான்.

பிறகு ஏன் பலரும் கேபிள் மாற்றியதும் ஒலி மாறியது என்று சத்தியம் செய்கிறார்கள்? பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு மாற்றம் கேட்கத்தான் செய்கிறது. கேபிளை மாற்றக் கழற்றும்போது ஹெட்போனையும் கழற்றி மறுபடியும் அணிகிறோம். பேட் சற்றே வேறு இடத்தில் அமர்கிறது. அந்த நகர்வே கேபிளை விட அதிகமாக ஒலியை மாற்றும். பத்தாயிரம் கொடுத்து வாங்கியது நன்றாக இருக்க வேண்டும் என்று மனம் விரும்புவதும் ஒரு காரணம். இன்னொரு காரணம், சத்தத்தின் அளவு. இரண்டில் எது சற்று உரக்கக் கேட்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது தீர்ப்புச் சொல்லும். இது எல்லோருக்கும் பொதுவானது.

பேலன்ஸ்டு கேபிள் என்று விற்பதில் இந்தக் கடைசிக் காரணம் ஒளிந்திருக்கிறது. சாதாரண 3.5 மி.மீ. பின்னில் இடது, வலது இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்று. பேலன்ஸ்டு முறையில், 4.4 மி.மீ. பின் போன்றவற்றில், இரண்டுக்கும் தனித்தனி வழி. அதற்கென்று உள்ள ஆம்ப்ளிஃபையரில் செருகினால் பலவற்றில் மின்னழுத்தம் இரண்டு மடங்கு வரை, அதாவது 6 டெசிபல் வரை கூடும். கேபிளை மாற்றியதும் சத்தம் கூடிவிட்டது, கேபிள் அருமை என்று தோன்றும். உழைத்தது ஆம்ப்ளிஃபையர், பெயர் கேபிளுக்கு.

கேபிளுக்குப் பணம் கொடுக்க நியாயமான காரணங்கள் வேறு இருக்கின்றன. மூன்று மீட்டர் நீளம் மேஜையில் சுருண்டு கிடந்து நாற்காலிச் சக்கரத்தில் மாட்டுகிறது என்றால் குட்டைக் கேபிள் வாங்கலாம். சட்டையில் உரசும்போதெல்லாம் கரகரவென்று காதில் கேட்கிறது என்றால் மென்மையான கேபிள் வாங்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஒயர் உள்ளே அறுந்து போவது. ஒரு பக்கம் கேட்கவில்லை, பின்னைத் திருகினால் வந்து வந்து போகிறது என்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள ஹெட்போனில் இது ஐந்து நிமிட வேலை. ஆடியோ டெக்னிகா ஏ.டி.எச். எம்50ல் கேபிள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. 2014ல் வந்த எம்50எக்ஸ் மாடலில் கழற்றும்படி மாற்றி, மூன்று கேபிள்களையும் சேர்த்துத் தந்தார்கள். புதிதாக வாங்குபவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளக்கின் வடிவம் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், பழைய பிளக்கைப் பார்த்துவிட்டே புதியதை ஆர்டர் செய்யவும்.

கம்ப்யூட்டரின் பங்கு

கேபிளின் ஒரு ஓமைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் கம்ப்யூட்டரின் ஜாக்கை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஜாக்குக்கும் உள்ளே ஒரு தடை உண்டு. அவுட்புட் இம்பிடன்ஸ் என்று குறிப்பிடுவார்கள். சில ஜாக்குகளில் இது ஒரு ஓமுக்கும் கீழே. சிலவற்றில் பத்து ஓமைத் தாண்டும். சற்று முன் பார்த்த 6 ஓம், 30 ஓம் இயர்போனை 10 ஓம் ஜாக்கில் செருகினால், ஒலிகளுக்கு இடையே 6 டெசிபல் வரை சமநிலை கெடும். கேபிள் செய்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். இந்தத் தொல்லை பிளேனர் ஹெட்போனில் இல்லை. அதன் தடை எல்லா ஒலிகளிலும் ஏறக்குறைய ஒன்றே.

எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு வேறு பிரச்னை. அது கேட்கும் மின்னழுத்தத்தை லேப்டாப் ஜாக்குகள் சில தருவதில்லை. வால்யூமை 100ல் வைத்தாலும் மெல்லத்தான் கேட்கும். இங்கு கேபிளுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு யு.எஸ்.பி. டாக், அதாவது ஹெட்போன் ஆம்ப்ளிஃபையருடன் வரும் சிறிய சவுண்ட் பெட்டி வாங்குவது நல்லது. டெஸ்க்டாப் கேபினட்டின் முன்புற ஜாக்கில் மவுஸை நகர்த்தும்போது "ஜுய்ய்" என்ற இரைச்சல் வருபவர்களுக்கும் இதே மருந்து. காசு செலவழிக்கும் முன், பின்புற ஜாக்கில் செருகிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது சாப்ட்வேர் டிரைவர். கம்ப்யூட்டரில் சவுண்ட் டிரைவருடன் பாஸ் பூஸ்ட், சரவுண்ட், லவுட்னஸ் போன்ற ஜோடனைகளும் வந்து சேரும். சின்ன ஸ்பீக்கரைப் பெரிதாகக் காட்டச் செய்தவை இவை. நல்ல ஹெட்போனுக்குத் தேவையில்லை. விண்டோஸ் 11ல் டாஸ்க் பாரில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து, சவுண்ட் செட்டிங்ஸ் தேர்ந்தெடுக்கவும். அவுட்புட் பகுதியில் உங்கள் ஹெட்போனின் பெயர் மீது கிளிக் செய்திடவும். கிடைக்கும் திரையில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆஃப் செய்திடவும். அருகில் உள்ள ஸ்பேஷியல் சவுண்ட் என்பதையும் ஆஃப் செய்திடவும். பிறகு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கேளுங்கள். கேபிள் மாற்றி எதிர்பார்த்த மாற்றம் பலருக்கு இங்கேயே கிடைத்துவிடும், அதுவும் இலவசமாக.

இன்னும் ஒரு படி போக விரும்புபவர்கள் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச புரோகிராமை அதன் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கிப் பயன்படுத்தலாம். விண்டோஸில் ஓடும் பெரும்பாலான ஒலிகளுக்கு இது வேலை செய்யும். எந்த ஒலியையாவது கூட்டினால், அதே அளவுக்கு ப்ரீஆம்ப் என்ற அளவைக் குறைத்துவிட வேண்டும். 5 டெசிபல் கூட்டினால் ப்ரீஆம்ப் மைனஸ் 5. இல்லையென்றால் உரத்த இடங்களில் ஒலி கிழியும். பிரபலமான ஹெட்போன் மாடல்களுக்கு மற்றவர்கள் அளந்து தயாரித்த அளவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் அவை அந்த மாடலின் அசல் பேடை, அதுவும் நல்ல நிலையில் உள்ள பேடை வைத்து அளந்தவை. வேறு பேட் மாட்டிய ஹெட்போனுக்கு அவை பொருந்தாது. பேட் மாற்றிய அன்றே பழைய அளவுகளை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று நாட்கள் அப்படியே கேட்டுப் பாருங்கள். பிறகும் குறை தெரிந்தால் ஒவ்வொன்றாக, இரண்டு டெசிபலுக்கு மேல் போகாமல் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம்.